முகாமையாளர் தோற்றால் அவரை நீக்குகிறார்கள். அவரைத் தெரிவு செய்த பணிப்பாளர் சபை யாருக்குப் பதில் சொல்கிறது?

கேள்வி: தலவாக்கலை இரசிகன்

அனைவருக்கும் வணக்கம். 2008 ஆம் ஆண்டு மொஸ்கோவில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைப் பக்கத்து லயத்து நண்பரின் வீட்டில் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து பார்த்த நாள் முதல் நான் இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைடெட் உதைபந்தாட்ட அணியின் இரசிகன். இன்று நான் கேட்க வருவது அந்த அணி ஆடும் விதத்தைப் பற்றியதன்று. அந்த அணிக்கு முகாமையாளரை, அதாவது தலைமைப் பயிற்றுநரை, தெரிவு செய்கின்ற சபையைப் பற்றியது.

அலெக்ஸ் பெர்குசன் 1986 முதல் 2013 வரை பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஒரு பருவகாலம் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். லூயி வான் கால் 2016 இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற இரண்டாம் நாள் நீக்கப்பட்டார். இவற்றையாவது புதிய மனிதரைப் பற்றிய கணிப்புப் பிழைத்துவிட்டது என்று சொல்லலாம். என்னை உறுத்துவது அதன் பின் நடந்தவை. ஜொசே மொரின்யோவின் ஒப்பந்தத்தை 2018 ஜனவரியில் நீடித்தார்கள், அந்த ஆண்டு டிசம்பரில் அவரை நீக்கினார்கள். ஒலே குன்னார் சூல்ஷாரின் ஒப்பந்தத்தை 2021 ஜூலையில் நீடித்தார்கள், நவம்பரில் நீக்கினார்கள். எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2024 ஜூலையில் நீடித்தார்கள், ஒக்டோபர் 28 ஆம் திகதி அவரையும் நீக்கினார்கள். ஒப்பந்தத்தை நீடிப்பது என்பது ஒருவரை இரண்டாம் முறை தெரிவு செய்வதற்குச் சமம். இம்முறை அவர் முன்பின் தெரியாதவர் அல்லர். ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர். அப்படியிருந்தும் மூன்று முறை ஓராண்டு நிறைவடைவதற்குள் தங்கள் தீர்மானத்தைத் தாங்களே தலைகீழாக மாற்றியிருக்கிறார்கள்.

டென் ஹாக்கையும் அவரது உதவியாளர்களையும் நீக்குவதற்கு 10.4 மில்லியன் பவுண் செலவானது. அந்தக் கோடையில் விளையாட்டுப் பணிப்பாளராக வந்த டான் ஆஷ்வர்த் ஐந்து மாதங்களில் விலகியபோது மேலும் 4.1 மில்லியன் போனது. அதே ஆண்டில்தான் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஏறத்தாழ 250 ஊழியர்களின் பதவிகளை நீக்கினார்கள். பருவகாலத்தின் நடுவில் எஞ்சியிருந்த நுழைவுச்சீட்டின் விலையை, சிறுவர்க்கும் முதியோர்க்கும் சலுகை இல்லாமல், 66 பவுண் ஆக்கினார்கள். வேலை இழந்தவர்களில் எவரும் முகாமையாளரைத் தெரிவு செய்யும் அறையில் அமர்ந்திருக்கமாட்டார். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இதை வாசித்தபோது மனம் மிகவும் கனத்தது. விளைச்சல் விழுந்தால் தோட்டத்தை நடத்தும் துரையை மாற்றுவார்கள், தொழிலாளியின் வேலை நாட்களைக் குறைப்பார்கள். பத்து வருடங்களாக மறுநடுகை வேண்டாம் என்று கொழும்பிலிருந்து தீர்மானித்தவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியவே வராது.

என் கேள்வி இதுதான். முகாமையாளரைத் தெரிவு செய்வதே ஒரு கழகத்தின் சபை எடுக்கும் மிகப் பெரிய தீர்மானம் என்றால், அந்தத் தீர்மானத்துக்கு அவர்களிடம் பொறுப்புக்கூறலைக் கேட்பது எப்படி? பதவி விலகச் சொல்வதா, வாக்கெடுப்பு வைப்பதா, அல்லது வேறு வழி உண்டா? எங்காவது உண்மையாக நடந்த உதாரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: பதுளை, ஓய்வுபெற்ற வர்த்தகப் பாட ஆசிரியர்

தம்பி, உங்கள் கேள்வியை நான் சிறிது முன்னே தள்ளிக் கேட்கிறேன். ஒரு சபை பொறுப்புக்கூற வேண்டும் என்றால், அந்தச் சபையை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் முதலில் யாரிடமாவது இருக்க வேண்டும். மன்செஸ்டர் யுனைடெட் 2012 முதல் நியூயோர்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. கணக்கை வெளியிட வேண்டிய கட்டாயம் அதற்கு இருப்பதால்தான் நீங்கள் குறிப்பிட்ட தொகைகளே நம் கண்ணுக்கு எட்டின. ஆனால் பொதுமக்கள் சந்தையில் வாங்கக்கூடிய ஏ வகைப் பங்கு ஒன்றுக்கு ஒரு வாக்கு. உரிமையாளர்களான கிளேசர் குடும்பமும் 2024 முதல் அவர்களோடு பங்காளியான ஜிம் ரட்கிளிஃபும் வைத்திருக்கும் பி வகைப் பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்குகள். கணக்கைப் பார்க்கும் உரிமை உலகத்துக்கே உண்டு, கேள்வி எழுப்பி மாற்றும் பலம் அந்தச் சிலருக்கே உண்டு. இங்கிலாந்தின் மற்றப் பெரிய கழகங்கள் பலவற்றில் உரிமையாளரும் சபையும் ஏறத்தாழ ஒரே ஆட்களாக இருப்பதால், தன்னைத் தானே நீக்கும்படி ஒருவரைக் கேட்பது போன்ற நிலை உண்டாகிறது.

உண்மையாக நடந்த உதாரணம் கேட்டீர்கள். ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக் கழகத்தை நோக்குங்கள். அக்கழகத்தை நடத்தும் கம்பனியின் 75 வீதம் உறுப்பினர் சங்கத்துக்குச் சொந்தம். எஞ்சியது அடிடாஸ், ஔடி, அலியான்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் சம அளவில் இருக்கிறது. அங்கே அன்றாட நிர்வாகத்தை நடத்தும் சபை ஒன்று, அதை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரமுள்ள மேற்பார்வைச் சபை இன்னொன்று. 2023 மார்ச்சில், அணி மூன்று போட்டித் தொடர்களிலும் களத்தில் இருந்த வேளை, ஜூலியன் நாகெல்ஸ்மனைத் திடீரென நீக்கி தோமஸ் டுகெலைக் கொண்டுவந்தார்கள். ஏப்ரலில் ஜேர்மன் கிண்ணமும் போயிற்று, சம்பியன்ஸ் லீக்கும் போயிற்று. மே 27 ஆம் திகதி, கடைசி நாள் கடைசி நிமிடங்களில் லீக் பட்டம் எப்படியோ கைக்கு வந்தது. அன்றைய தினமே நிர்வாகத் தலைவர் ஒலிவர் கானும் விளையாட்டுப் பொறுப்பிலிருந்த ஹசன் சாலிஹமிட்சிச்சும் நீக்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. பயிற்றுநர் மாற்றம் ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் வாதிடமாட்டேன். இருந்தாலும், பட்டம் வென்ற அன்றைக்கே மேலிடத்திலிருந்தவர்களிடம் கணக்குக் கேட்கப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெற்றி வந்தவுடன் கேள்வியை மறந்துவிடுவதே நம் வழக்கம்.

ஸ்பெயினின் பார்சிலோனாக் கழகத்தில் நடந்தது வேறு விதம். அங்கே தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அப்போது தலைவராக இருந்த ஜோசெப் மரியா பார்தொமேயுவின் சபை 2020 ஜனவரியில், அணி லீக்கில் முதலிடத்தில் இருந்தபோதே, எர்னெஸ்டோ வல்வெர்டேயை நீக்கி கீக்கே செட்டியெனை நியமித்தது. ஓகஸ்டில் பயேர்னிடம் 8 க்கு 2 என்று தோற்றபின் செட்டியெனும் போனார், ரொனால்ட் கூமன் வந்தார். நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு உறுப்பினர்கள் 20,000 க்கும் மேற்பட்ட கையொப்பங்களைச் சேர்த்தார்கள். வாக்கெடுப்பு நடக்கும் முன் ஒக்டோபர் 27 ஆம் திகதி தலைவரும் சபையும் பதவி விலகினார்கள். இதை மக்களாட்சியின் வெற்றி என்று கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் தெரிவான ஜோன் லப்போர்தாவின் சபையே அதே ஆண்டு ஒக்டோபரில் கூமனை நீக்கி, தாங்கள் தெரிவு செய்யாத ஒருவருக்கான நட்டஈட்டைக் கழகத்தின் பணத்திலிருந்து கொடுக்க நேர்ந்தது. தெரிவு செய்தவர் ஒருவர், அதன் விலையைக் கட்டியவர் இன்னொருவர். பதவி விலகல் கோபத்தைத் தணிக்கும், கடனைத் தீர்க்காது.

மறுமொழி 2: மஸ்கெலியா, முன்னாள் கழகச் செயலாளர்

சேர் சொன்ன கடைசி வாக்கியத்தை வாசித்தபோது எங்கள் தோட்டத்து விளையாட்டுக் கழகம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெரிய கழகங்களோடு எங்களை ஒப்பிட முடியாது என்பது தெரியும். எங்களுடைய பணம் மாதச் சந்தாவும், கோயில் திருவிழாவில் சேரும் சிறு தொகையும், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்புவதும்தான். ஆனால் தவறு நிகழும் விதம் ஒன்றாகவே இருந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் செயற்குழு, அணிக்கு எழுவர் கொண்ட சுற்றுப்போட்டிகளில் தொடர்ந்து முதல் சுற்றிலேயே வெளியேறுகிறோம் என்று வருந்தி, நகரத்திலிருந்து ஒரு பயிற்றுநரைப் பணம் பேசிக் கூட்டி வந்தது. நல்ல மனிதர். ஆனால் அவர் பழக்கியது பதினொருவர் ஆடும் பெரிய மைதானத்துக்கு உரிய ஆட்டம். எங்கள் மைதானமோ ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் ஓடை. பந்து பத்து யார் கூடுதலாகப் போனால் ஒருவர் இறங்கித் தேட வேண்டும். பகலெல்லாம் கொழுந்து மடுவத்திலும் மலையிலும் வேலை செய்துவிட்டு வரும் பையன்களால் அவர் எதிர்பார்த்த அளவு ஓடவும் முடியவில்லை. மூன்று போட்டிகளில் தோற்றோம். பேசிய பணத்தை முழுமையாகக் கொடுத்து அனுப்பினோம். அடுத்து வந்தவரும் அப்படியே ஆனார்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் வயதான ஒரு உறுப்பினர் எழுந்து, “இவர்களை யார் கூட்டி வந்தது?” என்று மட்டும் கேட்டார். செயலாளர் என்ற முறையில் நான் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். இரண்டு நியமனங்களுக்கும் எதிரே ஒரே ஒரு வரிதான் இருந்தது: “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” யார் முன்மொழிந்தார், வேறு யாருடைய பெயர் பேசப்பட்டது, எந்தக் காரணத்துக்காக இவரைப் பிடித்திருந்தது, எதிர்த்துப் பேசியவர் எவராவது உண்டா, எதுவும் இல்லை. அந்த வரியை எழுதியவன் நான். கூட்டத்தில் இரண்டு பேர் தயங்கியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஒற்றுமை கெடக்கூடாது என்று அதை எழுதாமல் விட்டிருந்தேன். அன்றைக்குச் சபையில் நின்றபோது, நான் ஒற்றுமையைக் காக்கவில்லை, காரணத்தைத்தான் மறைத்திருக்கிறேன் என்று புரிந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆகவே தலவாக்கலைத் தம்பிக்கு என் பதில்: யாரை நீக்குவது என்பதைப் பிறகு பார்க்கலாம். தெரிவு செய்த அன்றைக்கே காரணத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். தோற்ற பிறகு சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் தோல்விக்கு ஏற்றபடி தைத்த சட்டைகள்.

மறுமொழி 3: கண்டி, புள்ளிவிபரவியல் மாணவி

அண்ணன் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன், அதற்கு வலுச் சேர்க்கும் ஆய்வொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். நெதர்லாந்துப் பொருளியலாளர்களான யான் வான் ஊர்ஸ், மார்ட்டின் வான் டெயில் ஆகிய இருவரும் அந்நாட்டின் முதல்தர லீக்கில் பதினான்கு பருவகாலங்களை எடுத்து ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டார்கள். பருவகாலத்தின் நடுவில் பயிற்றுநரை நீக்கிய அணிகள் அதன்பின் முன்னேறியிருந்தன. இதை மட்டும் பார்த்தால் நீக்கியது சரி என்றே தோன்றும். ஆனால் அவர்கள், பந்தய நிறுவனங்கள் கணித்த வாய்ப்புகளை அளவுகோலாக வைத்து, அதே அளவு எதிர்பாராத தோல்விகளைச் சந்தித்தும் பயிற்றுநரை வைத்துக்கொண்ட அணிகளையும் தேடி ஒப்பிட்டார்கள். அந்த அணிகளும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியிருந்தன. தொடர்ந்து சில வாரங்கள் துரதிர்ஷ்டம் அழுத்தினால் அடுத்த சில வாரங்களில் நிலைமை தானாகவே வழமைக்குத் திரும்பும். அந்தத் திரும்பலைப் புதியவரின் சாதனையாகவும் சபையின் துணிவாகவும் எண்ணிவிடுகிறோம்.

இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிவை மட்டும் வைத்து முகாமையாளரை அளப்பது தவறு என்றால், முடிவை மட்டும் வைத்துச் சபையை அளப்பதும் தவறுதான். நன்றாக யோசித்துச் செய்த தெரிவும் காயங்களாலும் சில கோல்களாலும் தோற்கலாம். யோசிக்காமல் செய்த தெரிவு சில காலம் வெல்லவும் செய்யும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, தெரிவு செய்த நாளில் அவர்களுக்குத் தெரிந்திருந்தவற்றைக் கொண்டு அந்தத் தெரிவு நியாயமானதா என்பதே.

அந்தக் கேள்வியைக் கேட்டால் மன்செஸ்டர் சபைக்கு விடை சுலபமாக இராது. 2024 நவம்பரில் பருவகாலத்தின் நடுவில் ரூபன் அமொரிமை எடுத்தார்கள். பின்களத்தில் மூவரை வைத்து ஆடுவதே அவரது வழி என்பது லிஸ்பனில் அவரது அணியைப் பார்த்த எவருக்கும் தெரியும். சில மாதங்களுக்கு முன்புதான் நால்வர் பின்களத்தை நம்பிய டென் ஹாக்குக்காகப் பெரும் பணம் கொடுத்து வீரர்களை வாங்கியிருந்தார்கள். அந்தப் பருவகாலத்தில் அணி 42 புள்ளிகளுடன் 15 ஆம் இடத்தில் முடித்தது. அந்த இடம் துரதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஆட்களுக்கும் ஆட்ட முறைக்கும் இருந்த பொருத்தமின்மை ஒப்பமிட்ட அன்றே கண்முன் இருந்தது. மஸ்கெலியா அண்ணனின் ஓடைக்கரை மைதானம் போல.

மறுபக்கத்தில் பிரைட்டன் கழகம் இருக்கிறது. 2022 செப்டெம்பர் 8 ஆம் திகதி கிரஹாம் பொட்டரைச் செல்சி கூட்டிக்கொண்டு போனது. பத்து நாட்களில் ரொபர்டோ டி சேர்பி நியமிக்கப்பட்டார்; அந்த அணி ஆறாம் இடத்தில் முடித்து, தன் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஒருவர் போவதற்கு முன்பே அடுத்தவர் யார், எந்த வகை ஆட்டத்துக்கு அவர் பொருந்துவார் என்று ஆராய்ந்து வைத்திருந்த கழகத்துக்கும், ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்து எடுத்த அதே பொட்டரை ஏழு மாதம் நிறையும் முன் நீக்கிய கழகத்துக்கும் உள்ள வேறுபாடு பணத்தில் இல்லை.

மறுமொழி 4: ஹப்புத்தளை வாசகர்

அரசாங்கம் தலையிட்டால் என்ன என்று யாராவது கேட்கும் முன் ஒரு குறிப்பு. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. முதல் ஐந்து பிரிவுகளிலுள்ள ஆண்கள் கழகங்களுக்குச் சுயாதீனமான ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்றை அது உருவாக்கியது. உரிமையாளரின் தகுதி, கழகத்தின் நிதிநிலை, இரசிகர்களைக் கலந்தாலோசித்தல் ஆகியவை அந்த அமைப்பின் வேலை. முகாமையாளரைத் தெரிவு செய்வது அதன் எல்லைக்குள் இல்லை, அது சரியென்றே நான் நினைக்கிறேன். நம் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தியபோது, வெளித்தலையீட்டின் விலையை நிர்வாகிகளைவிட ஆடுகளத்திலிருந்த பிள்ளைகளே கூடுதலாகச் செலுத்தினார்கள். ஆயினும் அந்த ஆங்கிலச் சட்டத்திலுள்ள கலந்தாலோசிக்கும் கடமைக்குள், மாணவித் தங்கை சொல்லும் கேள்வியை இரசிகர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் கேட்க இடம் இருக்கிறது. ஆளைத் தெரிவு செய்யும் உரிமை வேண்டாம். காரணத்தைக் கேட்கும் உரிமை போதும்.

கேட்டவரின் மறுமொழி: தலவாக்கலை இரசிகன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. யார் பதவி விலக வேண்டும் என்று கேட்டுத்தான் வந்தேன். எழுதி வைக்காத காரணத்துக்கு எவரிடமும் கணக்குக் கேட்க முடியாது என்பது இப்போது விளங்குகிறது. 2013 ஐ மறுபடி நினைத்துப் பார்த்தேன். மோயஸைப் பரிந்துரைத்த பெர்குசன் அந்தக் கோடையிலேயே ஓய்வு பெற்றார். நிர்வாகத்தை நடத்திய டேவிட் கில்லும் அப்போதே பொறுப்பை எட் வுட்வர்டிடம் ஒப்படைத்தார். பத்து மாதம் கழித்து நீக்கம் வந்தபோது, தெரிவில் முன்னின்றவர்கள் நிர்வாக நாற்காலியில் இல்லை, அந்த நாற்காலியில் இருந்தவர் தெரிவில் முன்னிற்கவில்லை. காரணம் ஏட்டில் இருந்திருந்தால், ஆறு வருடம் என்று எதை நம்பிக் கொடுத்தார்கள் என்றாவது வுட்வர்ட் வாசித்திருக்கலாம்.

மஸ்கெலியா அண்ணே, எங்கள் கழகத்தின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் நடக்கிறது. புதிய பயிற்றுநர் ஒருவரைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. நீங்கள் அதன்பின் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிய முறையை அப்படியே தர முடியுமா?

மறுமொழி 5: மஸ்கெலியா, முன்னாள் கழகச் செயலாளர்

தருகிறேன் தம்பி. அடுத்த நியமனத்துக்கு நாங்கள் எழுதியது இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

“இன்னாரை இன்னார் முன்மொழிந்தார். வேறு இருவரது பெயர்களும் ஆராயப்பட்டன. எழுவர் ஆட்டத்தில் அனுபவம் உள்ளவர், மாலை ஐந்து மணிக்குப் பின் வரக்கூடியவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்பதால் போக்குவரத்துச் செலவு இல்லை என்ற காரணங்களுக்காக இவர் தெரிவு செய்யப்பட்டார். நான்கு போட்டிகள் முடியும் வரை இத்தீர்மானம் மீளாய்வு செய்யப்படமாட்டாது; ஒப்பந்தத்தை நீடிப்பதாயின் காரணங்கள் மீண்டும் எழுதப்பட வேண்டும். ஆதரவு ஏழு, எதிர்ப்பு இரண்டு. எதிர்த்தவர்களின் கருத்து கீழே இணைக்கப்பட்டுள்ளது.”

எதிர்த்த இருவரில் ஒருவன் நான். பயிற்றுநர் வயதில் மிக இளையவர், பையன்கள் சொல் கேட்கமாட்டார்கள் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பையன்கள் கேட்டார்கள். என் கையொப்பமும் அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.